வீட்டு முன்வாசலில் மழைநீரை உள்வாங்கும் பேவர் தளம்: படிப்படியான முழு வழிகாட்டி

சென்னையில் தனி வீட்டின் முன்வாசலையோ சிறிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தையோ, மழைநீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கும் தளமாக மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குகள் அனைத்தும் 600 சதுர அடிப் பரப்பையும், அதன்மேல் கார் ஏறி நிற்பதையும் வைத்துச் சொல்லப்படுகின்றன.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மேலே தெரியும் பேவர் கல் வெறும் மூடிதான். நீரைப் பிடித்து வைத்து மெல்ல மண்ணுக்குக் கொடுப்பது அடியில் உள்ள ஜல்லிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தூளும் சேறும் புகாமல் காப்பதற்காகவே படிகள் இந்த வரிசையில் அமைந்திருக்கின்றன. நான் பார்த்தவரை, பழுதான தளங்களில் பெரும்பாலானவை கல் உடைந்து பழுதானவை அல்ல. தூள் அடைத்துப் பழுதானவை.

## 1. இடம் பொருந்துமா என்று பார்த்தல்

கட்டடத்தின் அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இந்தத் தளத்தை அமைப்பது நல்லது. அஸ்திவாரத்தின் அடியில் உள்ள மண் அடிக்கடி ஊறுவதும் காய்வதுமாக இருந்தால், குறிப்பாகக் களிமண்ணில், கட்டடம் சமமின்றி இறங்கிச் சுவரில் விரிசல் விடும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் குழியின் வீட்டுப் பக்கச் சுவரில் தடித்த பாலித்தீன் விரிப்பை அடி வரை தொங்கவிட்டு, குழியின் அடிமட்டத்தை வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சற்றே சரிக்க வேண்டும். வீட்டின் பக்கவாட்டில் விடப்படும் 5 அடிச் சந்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது நிலத்தடித் தொட்டி. நம் ஊரில் குடிநீர் சம்ப் பெரும்பாலும் முன்வாசலில்தான் இருக்கிறது. அதைச் சுற்றி நீர் தேங்கினால், சுவரில் உள்ள மயிரிழை விரிசல் வழியாக மழைநீர் உள்ளே கலக்கும். தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் வெளிநீரின் அழுத்தம் அதை மேலே தூக்கவும் கூடும். எனவே சம்பைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சாதாரண சிமென்ட் தளத்தை அப்படியே விட்டுவிட்டு, சம்பின் வாயைப் புதிய தளத்தைவிட அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அதிலிருந்தும் விலகியே இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்பதைத் தோண்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள்.

மூன்றாவது, தெருவின் மட்டம். தெருவில் மேலுக்கு மேல் தார் போடப்பட்டதால் பல வீடுகளின் வாசல் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அத்தகைய வாசலில் இந்தத் தளத்தை அப்படியே போட்டால், தெருவில் ஓடும் சேற்றுநீர் உள்ளே வந்து ஒரே மழையில் இடுக்குகளை அடைத்துவிடும். தளத்தின் மேல்மட்டத்தைத் தெருவைவிட உயர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேட்டுக்கு உட்புறத்தில், 4 அங்குல உயரத்துக்குச் சரிவான மேடு ஒன்று தேவை. இரண்டுக்கும் வழியில்லை என்றால், இந்த முறை உங்கள் வாசலுக்கு ஏற்றதல்ல.

## 2. மண்ணின் உறிஞ்சு திறனை அளத்தல்

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல் அதிகம். அண்ணா நகர், விருகம்பாக்கம், கொளத்தூர்ப் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் சில அடிகளிலேயே பாறை தட்டும். ஆனால் பகுதியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வீடு கட்டும்போது இடிபாட்டையும் வேறு இடத்து மண்ணையும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். உங்கள் வாசலில் இருப்பது அந்த மண்தான்.

தளத்துக்காகத் தோண்டப்போகும் ஆழம் வரை, அதாவது சுமார் 19 அங்குலத்துக்கு, ஓர் ஓரத்தில் குழி எடுங்கள். அதன் அடியில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓர் அடியாக இன்னொரு சிறு குழி எடுத்து, அதை நீரால் நிரப்பி முழுவதும் ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நட்டு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று மூன்று மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கிடைக்கும் அளவை நம்பக் கூடாது. காய்ந்த மண் ஆசையாகக் குடிக்கும். ஊறிய மண் காட்டும் வேகமே மழைக்காலத்தின் உண்மையான வேகம். சிறு குழியில் பக்கங்கள் வழியாகவும் நீர் போவதால், கிடைத்த அளவில் பாதியையே கணக்கில் எடுங்கள்.

அப்படிப் பாதியாக்கிய பிறகும் மணிக்கு 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், முழு நீரையும் மண்ணிடமே விட்டுவிடலாம். அதற்குக் குறைந்தால் அடியில் ஒரு வடிகுழாய் கட்டாயம் வேண்டும். சிறு குழியிலேயே ஊற்று நீர் தெரிந்தாலும், பாறை தட்டினாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 2 அடியாவது உலர்ந்த மண் இல்லாவிட்டால், உள்ளே வரும் நீர் போவதற்கு இடமில்லை.

## 3. ஆழத்தைக் கணக்கிடுதல்

ஒரே அளவில் உள்ள, தூள் இல்லாத ஜல்லியைக் குவித்தால் அதன் கனஅளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடமாக இருக்கும். முழுக் கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரே நாளில் 10 செ.மீ. மழை என்பது வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்குப் புதிதல்ல. 600 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 5,600 லிட்டர் நீர் சேரும். அடியில் 10 அங்குலம் பெரிய ஜல்லி, அதன்மேல் 4 அங்குலம் நடுத்தர ஜல்லி என்று மொத்தம் 14 அங்குலம் பரப்பினால், கனஅளவு 700 கன அடி. அதில் 40 விழுக்காடு 280 கன அடி, அதாவது ஏறத்தாழ 7,900 லிட்டர். ஒரு நாள் பெருமழையை முழுவதும் தாங்கி, மறுநாள் மழைக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் அளவு இது.

மொட்டை மாடி நீரையும் இதே தளத்துக்குள் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். விட வேண்டாம் என்பதே என் கருத்து. மாடி நீர் தூய்மையானது. அதைக் கிணற்றுக்கோ சம்புக்கோ வடிகட்டி அனுப்புவதே முறை. அதை இங்கே கொண்டுவந்தால் ஆழத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். மாடியின் சருகும் சேர்ந்து வரும்.

ஜல்லிக்கு மேல் கல் உட்காரும் 2 அங்குலப் படுகை, அதன்மேல் 80 மி.மீ. பேவர் ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த ஆழம் 19 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும்.

## 4. பொருள்களை வாங்குதலும் கழுவுதலும்

600 சதுர அடிக்கு 40 மி.மீ. ஜல்லி 5 யூனிட், 20 மி.மீ. ஜல்லி 2 யூனிட், படுகைக்கு சிப்ஸ் எனப்படும் 6 மி.மீ. சிறு ஜல்லி 1 யூனிட் வேண்டும். யூனிட் என்பது 100 கன அடி. இறுக்கும்போது மட்டம் குறையும் என்பதாலும், கல்லின் இடுக்குகளை நிரப்பவும் தேவைப்படும் என்பதாலும், எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள். எம்-சாண்ட், ஆற்று மணல், கிரஷர் தூள் ஆகிய மூன்றும் இந்த வேலைக்குள் நுழையவே கூடாது.

பேவர் கல்லை வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கனம் வேண்டும், ஆள் மட்டும் நடக்கும் பாதைக்கு 60 மி.மீ. போதும். அடுத்து, கல்லின் பக்கங்களில் உள்ள சிறு புடைப்புகள் அடுத்த கல்லோடு முட்டும்போது, நடுவே 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி நிற்க வேண்டும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் வளைவு நெளிவான சாதாரண பேவரில் இடைவெளி 2, 3 மி.மீ. மட்டுமே, மணல் போட்டு மூடுவதற்காகச் செய்யப்பட்ட கல் அது. அதை வாங்கி வைத்துவிட்டு நீர் இறங்கவில்லை என்று வருந்துபவர்கள் அதிகம். கான்கிரீட் பேவருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658, அதன்படி சோதித்த சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜல்லியை மண்ணில் கொட்ட விடாதீர்கள். லாரி வருவதற்கு முன்பே தார்ப்பாய் விரித்திருக்க வேண்டும். குவாரியிலிருந்து வரும் ஜல்லியின் மேல் மாவு போலத் தூள் அப்பியிருக்கும். முதல் மழையில் அது கழுவிக்கொண்டு போய்க் குழியின் அடியில் படிந்து, மண்ணின் துளைகளை மெழுகியதுபோல் மூடிவிடும். ஆகவே மூன்று வகை ஜல்லியையும் குழாய்நீரைப் பீய்ச்சிப் புரட்டிப் புரட்டிக் கழுவ வேண்டும்.

எவ்வளவு கழுவினால் போதும் என்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கைப்பிடி சிப்ஸைப் போட்டு, நீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, ஒரு செய்தித்தாளின் முன் பிடித்துப் பாருங்கள். கழுவாத சிப்ஸ் என்றால் நீர் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்திருக்கும். பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படிக்க முடிகிற வரை கழுவுங்கள்.

## 5. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜனவரி முதல் மே வரை ஏற்ற காலம். திறந்து கிடக்கும் குழியில் மழை விழுந்தால் ஓரத்து மண் கரைந்து அடியில் சேறாகப் படியும்.

மாதத்தைவிட முக்கியமானது, வீட்டின் மற்ற வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது. சுற்றுச்சுவர்ப் பூச்சு, பெயின்ட், டைல்ஸ், கேட் மாற்றுதல் எதுவாக இருந்தாலும் முன்பே முடித்துவிடுங்கள். தளம் போட்ட பிறகு டைல்ஸ் வேலைக்கு வருபவர் சிமென்ட் கலவையைக் குழைக்கத் தேடும் இடம், புதிதாகச் சமமாக இருக்கும் உங்கள் பேவர் தளமாகத்தான் இருக்கும். இடுக்கில் இறங்கிய சிமென்ட் பால் இறுகிவிட்டால் கல்லைப் பெயர்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## 6. தோண்டுதல்

முதலில் நான்கு மூலைகளிலும் முளையடித்து, டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) மட்டம் குறித்து நூல் கட்டுங்கள். முடிந்த தளத்தின் மேல்மட்டம் நூறு அடிக்கு ஓர் அடி என்ற சிறு சரிவோடு இருந்தால் போதும். குழியின் அடிமட்டமோ சமமாக இருக்க வேண்டும். அடி சரிந்திருந்தால் நீர் முழுவதும் ஒரே மூலையில் குவியும். மற்ற இடத்து மண் சும்மா கிடக்கும். முதல் படியில் சொன்னபடி வீட்டை ஒட்டி அமைப்பவர்கள் வைக்கும் மிகச் சிறிய சரிவு மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

ஜேசிபி வைத்துத் தோண்டினால் வண்டி வெளியே நின்றபடியே கையை நீட்டித் தோண்ட வேண்டும். குழிக்குள் இறங்கினால் அதன் எடை மண்ணை இறுக்கி, நீங்கள் சோதித்து அறிந்த உறிஞ்சு வேகத்தைப் பாழாக்கிவிடும். கடைசி 4 அங்குலத்தை மண்வெட்டியால் ஆட்களைக் கொண்டு எடுங்கள். முடிந்ததும் அடியைக் கடப்பாரையாலும் இரும்பு வாரியாலும் லேசாகக் கிளறிவிடுங்கள். வெட்டும்போது மண்வெட்டியின் இலை தேய்த்து வழவழப்பாக்கிய மேற்பரப்பு அப்போதுதான் திறக்கும்.

திமிசு போட்டு அடியை இறுக்கலாமா என்று கொத்தனார்கள் கேட்பார்கள். சாதாரணத் தளத்துக்கு அது சரியான வழக்கம். இங்கே வேண்டாம், காரின் எடையைப் பரப்பித் தாங்கும் வேலையை மேலே வரும் ஜல்லி அடுக்குகள் செய்யும்.

## 7. ஓரம், துணி, குழாய்

குழியின் நான்கு பக்கச் சுவர்களிலும் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் நெய்யாத செயற்கை இழைத் துணியைத் தொங்கவிடுங்கள். துணி இரண்டாகச் சேரும் இடத்தில் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். பக்கத்து மண் ஜல்லிக்குள் சரியாமல் இது தடுக்கும். அடியிலும் துணி விரிப்பதில் இரு கருத்துகள் உண்டு: மணலில் அது தேவையில்லை, நாளடைவில் துணியே அடைத்துக்கொள்ளவும் கூடும், குழைகிற களிமண்ணில் ஜல்லி கீழே புதையாமல் இருக்க விரிக்கலாம்.

வடிகுழாய் தேவை என்று சோதனை காட்டியிருந்தால், துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயை அடியிலிருந்து 3, 4 அங்குலம் ஜல்லி பரப்பிய பிறகு அதன்மேல் வையுங்கள். அடியிலேயே வைத்தால் நீர் முழுவதும் குழாய் வழியே ஓடிவிடும். சற்று உயர்த்தி வைத்தால் குழாய்க்குக் கீழே உள்ள நீராவது மண்ணுக்குப் போகும். குழாயின் மறுமுனை மழைநீர்க் கிணற்றுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ போகலாம். கழிவுநீர் இணைப்பில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மழைநாளில் தெருவின் கழிவுநீர் மேன்ஹோல்கள் பொங்குவதற்கு இப்படிச் சேர்க்கப்படும் இணைப்புகளும் ஒரு காரணம்.

இதே கட்டத்தில் ஒரு மூலையில், கீழ்ப்பாதியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, திருகு மூடி போடுங்கள். உள்ளே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பின்னாளில் ஒரு குச்சியை விட்டு அறிய இதுவே ஒரே வாயில். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஓரக் கற்களைக் கான்கிரீட்டில் பதித்து இப்போதே நிறுத்துங்கள். நான்கு பக்கமும் பிடிமானம் இல்லாவிட்டால் கார் திரும்பத் திரும்பக் கற்கள் வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே போகும். தோட்டத்தை ஒட்டிய பக்கத்தில் ஓரக்கல் தளத்தைவிட 4 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். பாத்தி மண் அதன் விளிம்புக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

## 8. ஜல்லி அடுக்குகள்

40 மி.மீ. ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல், 5 அங்குலமாக இரு முறை பரப்பி, ஒவ்வொரு முறையும் லேசாக நீர் தெளித்து காம்பாக்டரை, அதாவது அதிரும் தட்டால் இறுக்கும் இயந்திரத்தை, ஓட்டுங்கள். கல் அசைவதை நிறுத்தும் வரை ஓட்டினால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் ஜல்லியே நொறுங்கித் தூளாகும். அதன்மேல் 20 மி.மீ. ஜல்லியை 4 அங்குலம் பரப்பி அதே முறையில் இறுக்குங்கள். பெரிய ஜல்லிக்கு மேல் நேரடியாக சிப்ஸ் போட்டால் அது இடுக்குகள் வழியே கீழே கொட்டிப்போகும். நடுத்தர ஜல்லி அதைத் தடுக்கும் சல்லடை.

படுகைக்கு, ஒரே கனமுள்ள இரண்டு இரும்புக் குழாய்களைத் தண்டவாளம் போல வைத்து, நடுவே சிப்ஸைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். இதை மட்டும் இறுக்கக் கூடாது. சமப்படுத்திய பிறகு அதன்மேல் யாரும் நடக்கவும் கூடாது. ஒரு காலடிப் பள்ளமும் நாளைக்குக் கல்லின் பள்ளமாகத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் வேலை நடக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள். ஒரு குடியிருப்பில் நான் மதிய உணவுக்குப் போய்த் திரும்பிய அரை மணி நேரத்தில், பல ஆண்டு அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர், “சிப்ஸ் மேல கல்லு ஆடும் சார், அதான் கொஞ்சம் எம்-சாண்ட் தூவினேன்” என்று அக்கறையோடு சொன்னார். தூவியது 200 சதுர அடிக்கு. அதை எடுத்துக் கொட்டி மறுபடி கழுவிய சிப்ஸைப் பரப்ப இன்னொரு நாள் ஆயிற்று. அவர்மேல் குறை சொல்ல முடியாது. அவர் இதுவரை போட்ட தளங்களில் எல்லாம் அதுதான் சரி. வேலை தொடங்கும் நாள் காலையிலேயே, ஏன் மணல் கூடாது என்பதை எல்லோரையும் நிறுத்தி வைத்து விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியது நான்.

## 9. பேவர் பதித்தல்

கார் ஏறும் இடத்தில் கற்களை மீன்முள் வடிவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பதியுங்கள். நேர் வரிசையில் வைத்தால் பிரேக் அடிக்கும் விசையில் ஒரு வரிசை முழுவதும் நகரும். ஏற்கெனவே பதித்த கல்மேல் நின்றபடி முன்னோக்கிப் பதித்துப் போனால் படுகை கலையாது. ஓரத்துக்கு வெட்டும் துண்டு, முழுக் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வெட்டும் இயந்திரத்தைத் தளத்துக்கு வெளியே, தெருப்பக்கம் வைத்து வெட்டுங்கள். அதிலிருந்து பறப்பது சுத்த சிமென்ட் தூள்.

பதித்ததும் கழுவிய சிப்ஸைக் கொட்டித் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளுங்கள். பிறகு மேற்பரப்பை ஒரு கல்கூட இல்லாமல் பெருக்கிவிட்டு, காம்பாக்டரை ஓட்டுங்கள். பெருக்காமல் ஓட்டினால் மேலே கிடக்கும் சிப்ஸ் தட்டுக்கு அடியில் நசுங்கிக் கல்லின் முனையை உடைப்பதோடு தானும் தூளாகும். ஓட்டிய பிறகு இடுக்கில் சிப்ஸ் கீழே இறங்கியிருக்கும். மீண்டும் நிரப்பி, பெருக்கி, இன்னொரு முறை ஓட்டுங்கள்.

வாசற்படிக்கு நேர் எதிரே 5 அடிக்கு 5 அடி இடத்தைச் சாதாரணத் தளமாகவே விட்டுவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அது கோலம் போடும் இடம். கடையில் விற்கும் வெள்ளைக் கோலப்பொடி கல்லை அரைத்த தூள். நாள்தோறும் காலையில் நீர் தெளித்துக் கோலமிட்டால், ஓர் ஆண்டில் அந்த இடத்து இடுக்குகள் முழுவதும் வெள்ளையாக இறுகியிருப்பதைப் பார்க்கலாம்.

## 10. சோதித்தல்

அடிப்பகுதி வெட்டப்பட்ட, 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தளத்தில் வைத்து, அது கல்லைத் தொடும் விளிம்பை வெளிப்புறமாகக் களிமண்ணாலோ புட்டிப் பசையாலோ அடைத்துவிடுங்கள். இடுக்கின் மேற்பகுதியையும் விளிம்பு கடக்கும் இடத்தில் அடைக்க வேண்டும். முதலில் சிறிது நீர் ஊற்றி நனைத்துவிட்டு, பின்பு 3.6 லிட்டர் நீரை ஊற்றி, முழுவதும் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நீர் வாளிக்குள் சுமார் 5 செ.மீ. உயரம் நிற்கும் அளவு. புதிய தளத்தில் அது ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மூன்று இடங்களில் செய்து, நேரத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்வரும் ஆண்டுகளில் ஒப்பிட இது வேண்டும்.

முதல் பெருமழை நின்றதும் மூலைக் குழாயின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு நீர் உயரத்தை அளந்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். அதற்குள் வற்றியிருந்தால் எல்லாம் சரி. வற்றாமல் நின்றால், இருக்கும் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயே இல்லை என்றால் மண் சோதனையில் பிழை நேர்ந்திருக்கிறது, ஓர் ஓரத்தைத் திறந்து குழாய் சேர்க்க வேண்டியிருக்கும்.

## 11. பராமரிப்பு

வாரம் ஒரு முறை உலர்ந்த நிலையில் பெருக்கினால் போதும். வேப்பமரம் அல்லது குல்மோகர் நிழலில் உள்ள தளத்துக்கு அது போதாது. அவற்றின் சிற்றிலைகள் இடுக்கின் அகலத்துக்கே அளவெடுத்ததுபோல் விழுந்து, மட்கிக் கருஞ்சேறாகும். உதிரும் பருவத்தில் தினமும் பெருக்குங்கள். டீசல் ஜெனரேட்டரையோ எண்ணெய் ஒழுகும் வண்டியையோ இதன்மேல் நிறுத்தக் கூடாது, ஏனெனில் சிந்துவது நேராக நிலத்தடி நீருக்குப் போகும்.

ஆண்டுக்கு இருமுறை, செப்டம்பரிலும் ஜனவரியிலும், வாளிச் சோதனையைச் செய்யுங்கள். 3.6 லிட்டர் மறைய 12 நிமிடத்துக்கு மேல் ஆனால், உள்வாங்கும் வேகம் மணிக்கு 250 மி.மீ.க்குக் கீழே போய்விட்டது என்று பொருள். அது சுத்தம் செய்ய வேண்டிய நேரம். அழுக்கு பெரும்பாலும் இடுக்கின் மேல் ஓர் அங்குலத்திலேயே நிற்கும். ஈரத்தையும் இழுக்கும் வேக்கம் கிளீனரால் அந்த அளவு சிப்ஸை உறிஞ்சி எடுங்கள், அல்லது பழைய ஸ்க்ரூ டிரைவரால் கிளறி எடுங்கள். பின்பு கழுவிய புதிய சிப்ஸை நிரப்புங்கள். அழுத்தநீர்ப் பம்பைச் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் அழுக்கு படுகை வரை இறங்கிவிடும். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் படுக்கைவாட்டில் சாய்த்து, அழுக்கை வெளியே தள்ளும் விதமாக அடியுங்கள்.

இடுக்குகளை மாற்றிய பிறகும் நேரம் குறையாத இடத்தில் மட்டும் நான்கைந்து கற்களைப் பெயர்த்துப் படுகையைப் பாருங்கள். அது கறுத்துக் கட்டிதட்டியிருந்தால் அந்தப் பகுதியின் 2 அங்குல சிப்ஸை மட்டும் மாற்றி, அதே கற்களைத் திரும்பப் பதித்து, இடுக்குகளை நிரப்பிவிடலாம். இதற்காகவே, கல் பதித்த அன்று மீந்த பேவரில் இருபதையும் கழுவிய சிப்ஸ் இரண்டு மூட்டையையும் மாடிப்படிக்கு அடியில் எடுத்து வையுங்கள்.